பார்க்காமல் வாங்கும் கத்தியின் பிடி கைக்குச் சரிவருமா?

கேள்வி: இணையக் கடையில் ஒரு கத்தி பார்த்து வைத்திருக்கிறேன். பிடி என் கைக்குப் பொருந்துமா என்று வாங்க முன்பே அறிய வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் விற்பவர் போட்டு வைக்கிற அளவுகள் மட்டும் அதற்குக் காணாது. மொத்த நீளம் இவ்வளவு, அலகு இவ்வளவு என்று இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பிடியின் நீளம் வந்துவிடும், நானும் அதோடு திருப்திப்பட்டுத்தான் போன வருடம் ஒட்டுசுட்டானில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு சமையல் கத்தி எடுப்பித்தேன். பிடி 12 சென்ரிமீற்றர், அம்மாவின் உள்ளங்கைக்குத் தாராளம். பார்சலைப் பிரித்துக் கையில் கொடுத்ததும் இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, உலக்கையைப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். நீளம் சரி, பருமன்தான் பிழை. பருமனைக் கடைகள் பெரும்பாலும் எழுதுவதில்லை.

எங்கள் பக்கம் முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. கம்மாலையில் காட்டுக்கத்தி அடிப்பித்தால் அலகையும் அதன் பின்னால் நீண்டிருக்கும் கூர்முனையையும்தான் தருவார்கள், பிடி போடுவது உங்கள் பாடு. அப்பா விண்ணாங்குத் தடியொன்றை வெட்டி நிழலில் காயவிட்டு, சீவுவார், பிடித்துப் பார்ப்பார், திரும்பச் சீவுவார். கைக்குள் அடங்கிய பிறகுதான் துளை போட்டு, அந்தக் கூர்முனையைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்குவார், மரம் கருகுகிற மணம் அன்று முழுக்க முற்றத்தில் நிற்கும். அம்மா கறிக்கு அரிந்ததோ அரிவாளில், காலால் மிதித்துக்கொண்டு. அதில் பிடி என்ற பேச்சே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் உங்கள் கைக்கு வாகான பழைய கத்தி ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் பிடியின் நடுவில் ஒரு நூலைச் சுற்றி, நூலை அடிமட்டத்தில் வைத்து அளவுங்கள். அதுதான் நீங்கள் தேடவேண்டிய எண். அம்மாவின் பழைய கத்தியில் 75 மில்லிமீற்றர் வந்தது, நான் எடுப்பித்ததில் 105. இதை வாங்குவதற்கு முதல் செய்திருக்கலாம், செய்யவில்லை.

இனி கடைக்காரரின் படத்திலிருந்து அதே எண்ணை எடுக்கவேண்டும். அலகின் நீளம் எழுதியிருக்குமே, 150 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் அலகு 75 வருகிறது, அப்படியென்றால் படத்தில் உள்ள எதையும் இரண்டால் பெருக்கினால் உண்மை அளவு. பக்கவாட்டுப் படத்தில் பிடியின் அகலம் 15 என்றால் நிசத்தில் 30. கத்தியின் முதுகுப் பக்கமிருந்து எடுத்த படத்தையும் இதேபோல அளந்து, தடிப்பு 20 என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், 25, அதை 3.14ஆல் பெருக்க ஏறக்குறைய 78. இது முட்டை வடிவப் பிடிக்கு. மூலைகள் வெட்டினாற்போல் சதுரமாக இருந்தால் அதே அகலம், அதே தடிப்புக்குச் சுற்றளவு 100 வரும், ஆகவே மூலை எவ்வளவு உருண்டிருக்கிறது என்று படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்.

முதுகுப் பக்கப் படம் பெரும்பாலும் போடமாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது பிடிக்குப் பக்கத்தில் சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற சின்ன பற்றரி ஒன்றையும் வைத்து, நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பற்றரி எந்த நாட்டில் வாங்கினாலும் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் நீளம், 14 மில்லிமீற்றர் பருமன். சரித்து எடுத்த படத்தில் கமராவுக்குக் கிட்ட இருக்கிற முனை பெருத்துத் தெரியும், கணக்கெல்லாம் பிழைத்துவிடும். படத்தில் யாரோ பிடித்துக் காட்டுகிற கையை நம்பவே வேண்டாம், அது யாருடைய கை, எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்?

ஒப்பிட நல்ல கத்தி இல்லையென்றால், இறப்பர் பிடி கழன்ற சைக்கிள் ஹாண்டில் குழாயைப் பிடித்துப் பாருங்கள். அது 22 மில்லிமீற்றர் விட்டம், சுற்றளவு ஏறக்குறைய 70. விரல் நுனிகள் பெருவிரலின் அடியை இடிக்கிறதென்றால் உங்களுக்கு அதைவிடப் பருமன் வேண்டும்.

நீளம் எவ்வளவு முக்கியம் என்பது வேலையைப் பொறுத்தது. வெங்காயம் அரிகிறபோது பெருவிரலையும் சுட்டுவிரலையும் அலகிலேயே வைத்துப் பிடிப்பவருக்குப் பிடியில் கிடப்பது மூன்று விரல்தான், கட்டையாக இருந்தாலும் ஓடும். வேலிக்கு நடுகிற கதியால் தடி வெட்டுவதற்கென்றால் நான்கு விரலும் அடங்கி இன்னும் ஒரு விரலுக்கு இடம் மிஞ்சவேண்டும், முனை கொஞ்சம் புடைத்தும் இருக்கவேண்டும், இல்லையென்றால் வியர்வைக் கையிலிருந்து வழுக்கிப் பறக்கும். மடக்குக் கத்தியில் கழித்துப் பார்க்கத் தேவையில்லை, மடக்கிய நீளம்தான் பிடி: சுவிஸ் விக்ரோறினொக்ஸின் வழமையான அளவு 91 மில்லிமீற்றர், பிரான்ஸின் ஒப்பினெல் 8ஆம் இலக்கம் 11 சென்ரிமீற்றர். விரல்களுக்கென்று பள்ளம் பள்ளமாகக் குடைந்த பிடியைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் விரல் மேட்டில் ஏறி நின்றால் அரை மணித்தியாலத்தில் கொப்பளம்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் மரப்பிடியாக, சற்றுப் பருமனானதாக எடுங்கள். குறைக்கலாம். பிளாஸ்ரிக்கில் அது சரிவராது, மெலிந்த பிடிக்குச் சைக்கிள் ரியூப்பை நறுக்கிச் சுற்றலாம்தான், ஆனால் மீன் வெட்டுகிற கத்தியில் அந்த நாற்றம் போகாது.

அம்மாவுக்கு இரண்டாவதாக எடுத்தது மரப்பிடி. படத்தில் கணக்குப் பார்த்தபோது 82, கைக்கு வந்து நூல் சுற்றியபோது 84. உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி 77க்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். சின்ன விரல் பக்கம் இன்னும் கொஞ்சம் சுரண்டட்டாம்.