பாரிஸில் சில மாதங்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஆறு மாதப் பயிற்சிக்காகச் சென்னையிலிருந்து பாரிஸ் வருகிறேன். இணையத்தில் பார்த்த அறைக்கு 650 யூரோ அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாக உரிமையாளர் சொன்னார். அனுப்பிவிட்டேன். இப்போது பதிலே இல்லை.

பதில்: தங்க இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துத்தான் இந்த மோசடியைச் செய்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். இன்றே உங்கள் வங்கியை அழைத்து, அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேளுங்கள். விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இணைய மோசடிகளுக்கென்று பிரெஞ்சுக் காவல்துறை நடத்தும் ‘தெஸே’ சேவையில் புகார் கொடுங்கள். பதினான்காம் வட்டாரத்திலுள்ள பன்னாட்டு மாணவர் குடியிருப்பில் இந்திய இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே இடம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வாராந்தர நவிகோ பயணச்சீட்டை வியாழக்கிழமை வாங்கினேன். திங்களன்று மெட்ரோவில் கதவு திறக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. நவிகோவின் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடிகிறது.

கேள்வி: எட்டு மாதம் தங்கியிருந்த, தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய அறையைக் காலி செய்தோம். சுவரில் கறை என்று சொல்லி, அட்வான்ஸாகக் கொடுத்த 1,600 யூரோவை மூன்று மாதமாகத் தர மறுக்கிறார். குடிபுகுந்தபோது எதையும் எழுதி வாங்கவில்லை.

பதில்: முதலில் உங்கள் ஒப்பந்தத்தின் தலைப்பைப் பாருங்கள். ‘பாய் மொபிலித்தே’ என்று இருந்தால், அட்வான்ஸ் வாங்கியதே சட்டத்துக்குப் புறம்பானது. மாணவர்களும் தற்காலிகப் பணிக்கு வருவோரும் 1 முதல் 10 மாதம் வரை தங்குவதற்கென 2018ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஒப்பந்தம் அது. சாதாரண ஒப்பந்தமாக இருந்தாலும், அறை முன்பிருந்த நிலையிலேயே இருந்தால் ஒரு மாதத்துக்குள்ளும், சேதம் இருந்தால் கழிவு போக மீதியை இரண்டு மாதத்துக்குள்ளும் தந்தாக வேண்டும். புது முகவரியை நீங்கள் கொடுத்திருந்தால், இந்தக் கெடு முடிந்தபின் தொடங்கும் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் கூடுதலாகக் கேட்கலாம். இதையெல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டச் சமரசக் குழுவிடம் செல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

எழுதி வாங்கவில்லை என்கிறீர்களே, அதுதான் என்னை வருந்தச் செய்கிறது. குடிபுகும் நாளில் ‘எத்தா தே லியூ’ என்ற நிலை அறிக்கை இல்லாவிட்டால், வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் பொதுவாகக் கருதும். நான் வந்த ஆண்டில் கைகழுவும் தொட்டியில், குழாய்க்கு நேர் கீழே, தலைமுடி அளவு விரிசல் இருந்தது. விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். ஆனால் உரிமையாளர் அவசரப்படுத்தியதால் அதை எழுதாமலேயே கையெழுத்திட்டேன். காலி செய்தபோது அந்த விரிசலுக்கு 400 யூரோ பிடித்துக்கொண்டார். அறிக்கையில் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்ல 10 நாள் அவகாசம் உண்டு என்பதை அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, கண்ணில் பட்ட கீறலையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். உரிமையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரலாமா?

பதில்: தாராளமாக. இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் ஊர் பிளக் மட்டும் பொருந்தாது; மிக்ஸியின் வாட் அளவைத் தாங்கும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: குளிர்காலத் தள்ளுபடியில் வாங்கிய கோட்டின் ஜிப் பத்தே நாளில் கழன்றுவிட்டது. தள்ளுபடிப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறார் கடைக்காரர்.

பதில்: தவறாகச் சொல்கிறார். தள்ளுபடியில் வாங்கிய புதுப் பொருளுக்கும் 2 ஆண்டுச் சட்ட உத்தரவாதம் உண்டு. பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். மறுத்தால் ‘சிக்னல்கோன்சோ’ என்ற அரசுத் தளத்தில் முறையிடுங்கள். ஆனால் பழுது வேறு, மனம் மாறுவது வேறு. ஒரு கண்காட்சியில் 290 யூரோவுக்கு நான் வாங்கிய பாத்திரங்கள் என் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகவே இல்லை. ஐந்தாம் நாள் திருப்பக் கொண்டுபோனேன், வாங்க மறுத்தார்கள். இணையத்தில் வாங்கினால் கிடைக்கும் 14 நாள் அவகாசம் கண்காட்சியில் வாங்கியதற்குக் கிடையாது.

கேள்வி: 1 யூரோவுக்குக் கைபேசி என்றதும், 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். பத்தாம் மாதம் ஊர் திரும்புகிறேன். படிக்க நேரமில்லை, மொழியும் தெரியாது. என்ன செய்வது?

பதில்: பத்து மாதம் தங்க வந்தவர், 24 என்ற எண்ணைப் படிக்கப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குக் குடிபெயர்வதை நியாயமான காரணமாகப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. பயணச்சீட்டு, புது முகவரிச் சான்று ஆகியவற்றோடு இப்போதே எழுதுங்கள். பதில் வரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.