வேலியோரத்துச் சௌசௌ

வணக்கம் அக்கா,

அட்லாண்டா புறநகருக்குக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. குறை என்று எதையும் சொல்ல முடியாது. பத்து நிமிஷத்தில் இட்லி மாவு, பிள்ளைக்கு வாரக்கடைசியில் தமிழ்ப் பள்ளி, பொங்கலுக்குச் சங்கத்து விழா. ஆனாலும் யாராவது ‘எந்த ஊர்?’ என்றால் வாயில் திருச்சிதான் வருகிறது. நீங்கள் நியூ ஆர்லியன்ஸை ‘எங்க ஊர்’ என்றே எழுதுகிறீர்கள். படித்ததும் பொறாமையாக இருந்தது. பிறகு, கொஞ்சம் நடிப்போ என்றும் தோன்றியது. தப்பாக நினைக்க வேண்டாம்.

ச.

அன்புள்ள ச.,

தப்பாக நினைக்கவில்லை. முதல் மூன்று வருஷம் நடிப்பேதான். இந்த ஊர்த் திருவிழாவான மார்டி க்ரா ஊர்வலத்தில் கழுத்து நிறைய மணிமாலையோடு போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்புவேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக் குடித்துவிட்டு அழுவேன்.

அதை மாற்றியது ஒரு சௌசௌ. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினப் பாட்டி. அவர் வேலியில் ஏதோ கொடி. காய்த்தபோதுதான் தெரிந்தது, நம்ம சௌசௌ! இங்கே அதற்கு மிர்லிட்டன் என்று பேர். வேகவைத்து, நடுவைச் சுரண்டி, இறால் அடைத்துச் சுடுவார்கள். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அது இல்லாமல் ஆகாது. நாங்கள் கூட்டு வைப்போம் என்றேன். ஐந்து காய் பறித்துத் தந்தவர், ஆறாவதாக ஒரு பிஞ்சையும் போட்டு ‘லானியாப்’ என்றார். கணக்குக்கு மேல் கடைக்காரர் போடுவதற்கு இந்த ஊர்ச் சொல். கொசுறு!

மறுநாள் கூட்டு கொண்டுபோனேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்புப் பத்தாது” என்றார். அதுவரை என் சமையலைச் சாப்பிட்ட அமெரிக்கர்கள் எல்லோரும் பிரமாதம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். விருந்தாளியிடம் வேறு என்ன சொல்வார்கள்?

உங்கள் கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. வெர்சாய் என்று ஒரு குடியிருப்பு. 1975-ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்ததும் பேராயர் பிலிப் ஹானன் காலத்தில் கத்தோலிக்கச் சபை வியட்நாம் அகதிகளை இங்கே குடியமர்த்தியது. அவர்களில் நிறையப் பேர் 1954-லேயே வட வியட்நாமிலிருந்து தெற்கே ஓடிவந்த குடும்பங்கள். அதாவது, இரண்டாவது தடவை ஊரை இழந்தவர்கள். வாய்க்கால் கரையில் கீரை போட்டார்கள், சனிக்கிழமை விடியுமுன் சந்தை கூட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள். முப்பது வருஷம் யாரோடும் வம்புதும்பு இல்லை. உங்கள் சங்கம், தமிழ்ப் பள்ளி மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தது. அந்தப் பகுதியை மறுபடி கட்டுவதா, விட்டுவிடுவதா என்று நகரம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர்கள் திரும்பிவந்து வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். மின்சாரம் வேண்டுமானால் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. பங்குத்தந்தை வியென் நுயென் பெயர்ப் பட்டியலும் பூசைக்கு வந்த கூட்டத்தின் படங்களும் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வருஷம், புயல் இடிபாடுகளைக் கொட்ட அவர்கள் வீடுகளுக்கு இரண்டு மைலுக்குள்ளேயே மேயர் ஒரு குப்பைமேட்டைத் திறந்தார். அதுவரை வாய் திறக்காத கிழவர்களும் கிழவிகளும் தட்டி பிடித்துத் தெருவில் நின்றார்கள். ஆகஸ்டில் அதை மூடினார்கள்.

எனக்கென்னவோ வெர்சாய் அவர்கள் ஊரானது 1975-ல் அல்ல, அந்த வருஷம்தான். இப்போது மார்டி க்ரா மாதத்தில் அங்குள்ள டாங் ஃபுவாங் பேக்கரியின் கிங் கேக்குக்கு (அந்தத் திருவிழாவுக்கான கேக்) ஊரே வரிசை கட்டுகிறது. அந்தச் சனிக்கிழமைச் சந்தையில்தான் நான் முருங்கைக்கீரை தேடிப் போவேன் (கிடைக்கிற நாளும் உண்டு).

இந்த ஊர் எல்லோரையும் வாரி அணைத்தது என்று கதைவிட மாட்டேன். நூறு வருஷத்துக்கு மேல் முன்னால் ஹூக்ளிப் பக்கத்திலிருந்து வங்காள முஸ்லிம்கள் பூவேலைத் துணி விற்க இங்கே வந்தார்கள். அவர்கள் குடியிருந்தது ட்ரெமே என்ற கறுப்பினப் பேட்டையில். பெண் எடுத்ததும் அந்த மக்களிடம்தான். அன்றைய நிறப்பிரிவினையில் வேறு எந்தத் தெரு அவர்களுக்குக் கதவு திறந்திருக்கும்? எந்தக் கதவு திறந்தது என்பதை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறோம், நானும் சேர்த்துத்தான்.

திருச்சி என்று சொல்வதை விடவேண்டாம். எனக்கும் இன்னும் மதுரைதான். சங்கத்தையும் விடவேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்று இதுவரை யாரிடமாவது சண்டை போட்டிருக்கிறீர்களா? உங்களை யாராவது திட்டியிருக்கிறார்களா?

பாட்டியின் பழைய கொடி கத்ரீனா வெள்ளத்தில் போய்விட்டதாம். ஊர் முழுக்க அப்படிப் போனவை ஏராளம். பழைய ரகத்தைத் தேடிப்பிடித்து மறுபடி பரப்பத் தனியாக ஆட்களே அலைந்தார்கள். அப்படிக் கிடைத்த கொடியிலிருந்து முளைவிட்ட காய் ஒன்றை எனக்கும் தந்தார், முழுசாக நட. போன நவம்பரில் என் வேலியில் முதல் காய்ப்பு. நாலு பறித்துக்கொண்டு போனேன். பையை வாங்கி, திறந்து, எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “லானியாப் எங்கே?”