இராஜினாமாவுக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். மகளுக்கு மூன்று மாதம். பிரசவ விடுமுறை முடியப்போகிறது. வேலையை விடும்படி மாமி சொல்கிறார். விடலாமா?
- வாசகி, பரந்தன்

பதில்: சகோதரி, கடிதம் எழுதுமுன் நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள். சம்பளத்துடனான 84 நாள் பிரசவ விடுமுறையில் வாராந்த விடுமுறையும் போயா (பௌர்ணமி) தினமும் பொது விடுமுறையும் சேராது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரு முறை பாலூட்டும் இடைவேளை பெற உங்களுக்கு உரிமையுண்டு. அலுவலகத்தில் பிள்ளைப் பராமரிப்பிடம் இல்லையெனில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலமாகும். பரந்தனிலிருந்து பேருந்தில் வரும் உங்களுக்கு, அவ்விரண்டையும் மாலையில் சேர்த்துத் தருமாறு முகாமையாளரிடம் எழுத்தில் கேட்பதே உதவும். வேலையை விட்டால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும், உங்கள் சம்பளத்தின் 12 வீதமும் நின்றுவிடும் (மாமிக்கு இதையும் சொல்லுங்கள்). வன்னியில் விட்ட வேலை திரும்பக் கிடைப்பது அரிதாகையால், முதலில் சம்பளமற்ற விடுமுறை கேட்டுப் பார்க்கலாம்.