ரோமர் ஆட்சியில் சின்னக் கிரேக்க நகரங்கள் சொந்தமாகக் காசு அடித்தது ஏன்?

முக்கியக் காரணம் சில்லறைத் தேவை. தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் பேரரசின் பிடியில் இருந்தன. கடைத்தெருவில் ரொட்டி வாங்க வேண்டிய வெண்கலக் காசை அந்தந்த ஊரே அடித்துக்கொண்டது. முன்பக்கம் பெரும்பாலும் பேரரசர் தலை இருக்கும். பின்பக்கம் ஊருக்குச் சொந்தம், அங்கேதான் சுவையே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிகியாவின் அபமேயா ஊர்க் காசு. இன்றைய துருக்கியில் அந்த இடத்துக்குத் தினார் என்று பெயர். அபமேயாவின் பட்டப்பெயர் 'கிபோடோஸ்', அதாவது பெட்டி. கிரேக்க விவிலியத்தில், பெருவெள்ளத்தில் நோவாவின் குடும்பம் ஏறித் தப்பிய பேழைக்கும் இதே சொல்தான்! பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் (கி.பி. 193–211) அடித்த காசைக் கிட்டத்தில் பாருங்கள்: தண்ணீரில் மிதக்கும் சதுரப் பெட்டி, உள்ளே இடுப்புவரை தெரியும் கணவனும் மனைவியும், பெட்டியின் முகப்பில் மூன்றே எழுத்தில் நோவாவின் பெயர். மூடிமேல் ஒரு பறவை, கிளையோடு பறந்து வரும் இன்னொன்று. இடப்பக்கம் அதே இருவரும் கரையில் கை உயர்த்தி நிற்கிறார்கள். சுற்றிலும் ஆர்தெமாஸ் என்ற உள்ளூர் விழாத் தலைவரின் பெயர். யூதர் கதையைப் பிற மதத்தார் ஆண்ட ஊர் தன் கதையாக்கிக்கொண்டது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அப்புறம் வெள்ளிக் காசின் தரம் சரிந்து விலைவாசி ஏற, வெண்கலம் அடிப்பது கட்டுப்படியாகவில்லை. 3-ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே இந்த ஊர்க் காசுகள் நின்றுபோயின.