ஃபின்டெக்கில் பெண்கள் – ஒரு கடிதம்

வணக்கம்.

ஃபின்டெக் நிறுவனங்களின், அதாவது மென்பொருள் வழியே பணச் சேவை தரும் நிறுவனங்களின், தலைமையில் பெண்கள் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். பணம் அனுப்பும் செயலிக்கு ஆண், பெண் தெரியுமா? திறமை உள்ளவர்கள் மேலே வருகிறார்கள். பழைய வங்கிகளில் பாகுபாடு இருந்திருக்கலாம். நேற்று முளைத்த துறையில் அதெல்லாம் ஏது? என் மகள் சென்னையில் ஒரு ஃபின்டெக் நிறுவனத்தில்தான் இருக்கிறாள். ஒரு குறையும் சொன்னதில்லை.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நடந்தது நேர்மாறாக. 2013 அக்டோபரிலிருந்து நான்கு வருடம் ஸ்டேட் வங்கிக்கு அருந்ததி பட்டாச்சார்யா, ஐசிஐசிஐக்கு சந்தா கோச்சர், ஆக்சிஸுக்கு ஷிகா சர்மா. நாட்டின் மிகப் பெரிய வங்கியும், தனியார் வங்கிகளில் முன்வரிசையில் இருந்த இரண்டும் ஒரே சமயத்தில் பெண்கள் பொறுப்பில் இருந்தன. இப்போது ஃபின்டெக் பக்கம் வாருங்கள். பேடிஎம், போன்பே, ரேசர்பே, க்ரெட், ஜெரோதா, க்ரோ: தொடங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள்.

(வீடியோகானுக்குக் கடன் கொடுத்ததில் முறைகேடு என்று கோச்சர் மீது வந்த வழக்கைக் கேட்பீர்கள், தெரியும். பெண் வந்தால் நிறுவனம் புனிதமாகிவிடும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆண்கள் நடத்திக் கவிழ்ந்த வங்கிகளை வைத்து யாரும் ஆண்களை எடை போடுவதில்லையே.)

வங்கியில் நுழையும் வழி வேறு, இங்கே வேறு. பட்டாச்சார்யா 1977-ல் பி.ஓ.வாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தவர். ஷிகா சர்மா 1980-லும் கோச்சர் 1984-லும் ஐசிஐசிஐயில் சேர்ந்தார்கள். தேர்வு, ஊர் மாற்றம், பதவி உயர்வு என்று மெதுவாக, சலிப்பாக ஏறுகிற வழி. ஆனால் யாருக்கு யார் சிநேகிதர் என்று அது கேட்காது. தொழில் தொடங்குகிறவர்களோ கூடப் படித்தவனையும் கூட வேலை பார்த்தவனையும்தான் முதலில் கூப்பிடுவார்கள். ரேசர்பே தொடங்கியவர்கள் ரூர்க்கி ஐஐடி நண்பர்கள். போன்பேயும் க்ரோவும் ஃப்ளிப்கார்ட்டில் ஒன்றாக இருந்தவர்கள் ஆரம்பித்தவை. ஜெரோதா அண்ணன் தம்பி. இவர்கள் யாரும் பெண்களைத் துரத்திவிடவில்லை. ஆனால் அன்றைய ஐஐடி பி.டெக். வகுப்பில் பத்துக்கு ஒரு பெண் இருந்தாலே பெரிய விஷயம். பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் வந்ததே 2018-ல்தான். அப்புறம் அந்த நட்பு வட்டத்தில் பெண் எங்கிருந்து வருவாள்?

வந்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபாலில் வேலை பார்த்த உபாசனா டாக்கு 2009-ல் பிபின் ப்ரீத் சிங்கோடு சேர்ந்து மொபிக்விக் என்ற கட்டணச் செயலி நிறுவனத்தை ஆரம்பித்தார். 2024 டிசம்பரில் அது பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. உங்கள் மகள் இருக்கும் சென்னையிலேயே கலைடோஃபின் என்ற ஃபின்டெக் நிறுவனம் இருக்கிறது. அதன் இணை நிறுவனர் சுசரிதா முகர்ஜி முதலீட்டு வங்கியிலும் பிறகு ஐஎஃப்எம்ஆர் என்ற நிதிக் குழுமத்திலும் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்.

செயலிக்கு ஆண், பெண் தெரியாது என்கிறீர்கள். 2019-ல் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் கடன் அட்டையான ஆப்பிள் கார்டு பற்றிய விவகாரம் வெடித்தது. மனைவியைவிடத் தனக்கு இருபது மடங்கு கடன் வரம்பு தந்திருக்கிறார்கள் என்று ஒரு மென்பொருள்காரர் ட்விட்டரில் போட்டார். நியூயார்க் நிதிச் சேவைத் துறை விசாரித்து, சட்டமீறல் இல்லை என்று 2021 மார்ச்சில் சொல்லிவிட்டது. சரி, பாலினத்தைப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கணவரின் கார்டில் கூடுதல் பயனாளராக மட்டும் இருந்தவரின் சொந்தக் கடன் வரலாறு மெலிந்துதான் இருக்கும். மென்பொருள் அந்த வரலாற்றைத்தான் பார்க்கும். நம் வீடுகளில் என்ன வாழ்கிறது? வீட்டுக் கடன் கணவர் பெயரில் இருக்கும், தவணையில் பாதி மனைவி சம்பளத்திலிருந்து போகும். நாளை மனைவி தனியாகக் கடன் கேட்டால், கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் காட்ட ஒன்றும் இருக்காது. கடன் விதியை எழுதும் அறையில் இந்த அனுபவம் உள்ள ஒருத்தி இருந்தால் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுவாள். இல்லாவிட்டால் யாராவது ட்விட்டரில் கத்தும்வரை யாருக்கும் தோன்றாது.

உங்கள் மகள் குறை சொன்னதில்லை என்பதில் சந்தோஷம். அவரிடம் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். அவர் நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு கடன் என்று முடிவு செய்யும் குழுவில் எத்தனை பெண்கள்? அவருடைய மேலதிகாரிக்கும் மேலே எத்தனை பெண்கள்? பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள். மகளே எழுதினால் இன்னும் நல்லது.