கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட அண்ணனுக்கு, பாட்டுக்கு ஏற்ப விரலை அசைக்க வைக்கும் கையுறை வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் குலசேகரம் பக்கம். அண்ணன் தென்னையிலிருந்து விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, கழுத்தில் ஆபரேஷன் முடிந்துவிட்டது, வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக அசைகின்றன. யூடியூபில் மியூசிக் குளோவ் என்ற கையுறையைப் பார்த்திருக்கிறார், வெளிநாட்டிலிருக்கும் மச்சான் வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறார்.

இப்போதே வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பாட்டோடு விரல் பயிற்சி செய்வதை மட்டும் இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள், அதற்குக் கையுறை தேவையில்லை. கையுறை பலன் தருமா என்பது அண்ணனின் விரல் எப்படி அசைகிறது என்பதைப் பொறுத்தது, அதை முதலில் பார்க்க வேண்டும்.

நான் டாக்டரோ தெரபிஸ்டோ இல்லை. தக்கலை பக்கம் எங்கள் வீடு, அப்பாவுக்கு இதே கழுத்து அடி. ராத்திரி நடையில் கால் வழுக்கி நெற்றி இடித்து விழுந்தார், கழுத்து பின்பக்கமாக வளைந்துவிட்டது. ஏற்கனவே கழுத்து எலும்பு தேய்ந்திருந்தவர் என்பதால் உள்ளே தண்டுவடம் நசுங்கியது. சென்ட்ரல் கார்டு சிண்ட்ரோம் என்றார்கள். வயதானவர்கள் அப்படி விழும்போது அதிகம் வருவது இது, காலைவிடக் கையைத்தான் கூடுதலாகப் பாதிக்கும். அப்பா சில மாதத்தில் எழுந்து நடந்துவிட்டார், ஆனால் சாரம் (லுங்கி) உடுத்த முடியாது, சட்டைப் பித்தான் போட முடியாது, சோறு பிசைய முடியாது. ஊரில் பார்ப்பவர்கள் எல்லாரும் 'நடக்கிறாரே, பிறகென்ன' என்பார்கள். வாழைத்தோட்டத்தில் அரிவாள் பிடித்த மனிதருக்குத் தன் சாரத்தை முறுக்கிச் செருக இன்னொருவர் வர வேண்டியிருப்பது என்ன என்று அவர்களுக்குப் புரியாது. அமெரிக்காவில் தண்டுவடம் அடிபட்டவர்களிடமே எது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்டு 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் நாலு கைகால்களும் பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் முதலாவதாகச் சொன்னது கையைத்தான், நடையை அல்ல. அதனால் உங்கள் அண்ணனின் கைக்காக நீங்கள் இவ்வளவு யோசிப்பது சரியான இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் கையுறை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவானது அது. ஐந்து விரல் நுனியிலும், ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலும் மின்சாரம் கடத்தும் பட்டைகள் இருக்கும். கட்டைவிரல் மற்ற ஒரு பட்டையைத் தொட்டால் சுற்று முழுமையாகி, திரையில் பாட்டோடு இறங்கி வரும் நிறப் புள்ளியை நாம் அடித்ததாகக் கணக்கு. கட்டைவிரல் நாலு விரல் நுனிகளில் ஒவ்வொன்றையும் தொடுவது, சாவியைப் பிடிப்பதுபோல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் அழுத்துவது, ஆக ஐந்து பிடிகள். இவற்றை பாட்டின் நேரத்துக்குச் சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 2014இல் வந்த ஆய்வில் அதைப் பயன்படுத்தியவர்கள் பக்கவாதம் வந்து நாளானவர்கள், மொத்தம் 12 பேர். பக்கவாதத்தில் கோளாறு கரன்ட் ஆபீஸில், தண்டுவட அடியில் லைன் கம்பி அறுந்து கிடக்கிறது. அதனால் அந்த முடிவை அப்படியே அண்ணனுக்குப் பொருத்திவிட முடியாது. கம்பி பாதி அறுந்திருந்தால் மீதியிருக்கிற இழையைப் பழக்கலாம், முழுக்க அறுந்திருந்தால் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விரல் வராது.

ஆகவே அண்ணனின் விரலைச் சோதியுங்கள். அவர் முன்கையை மேசைமேல் வையுங்கள், மணிக்கட்டு அசையாதபடி நீங்கள் மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு ஆள்காட்டி விரலை மடக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டைப் பிடித்திருக்கும்போதே, சொன்ன நேரத்தில், சொன்ன விரல் மடங்கினால் அது உண்மையான அசைவு. மணிக்கட்டைப் பின்னால் தூக்கும்போது மட்டும் விரல்கள் தானாகச் சுருண்டால் அது டெனோடெசிஸ்: தசைநார் இழுபடுவதால் வருவது, விரலுக்கு நரம்புக் கட்டளை போகவில்லை. சொல்லாமலே விரல் துள்ளினால் அது ஸ்பாஸம், தசை தானாக இறுகித் துடிப்பது. இந்த மூன்றும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும், வீட்டில் எல்லாரும் 'அசையுது, அசையுது' என்று சந்தோஷப்படுவோம். எது என்று தெரிந்தால்தான் அடுத்தது என்ன என்று சொல்ல முடியும்.

டெனோடெசிஸ் மட்டும்தான் என்றால் (தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் ஆறாவது மட்டமான சி6 வரை நல்லா இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நிலை) ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மணிக்கட்டைப் பின்னால் மடக்கிவைத்துக்கொண்டு, விரல்களையும் முழுக்க நிமிர்த்தி இழுத்துவிடாதீர்கள். உதவிக்கு வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில் செய்வது இதுதான், விரல் 'ஃப்ரீ' ஆகட்டும் என்று இழுப்பார்கள். அந்தத் தசைநார் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதால்தான் மணிக்கட்டைத் தூக்கி ஒரு டம்ளரையோ போனையோ கவ்வ முடிகிறது, அது தளர்ந்துவிட்டால் அந்தப் பிடியும் போய்விடும். இந்த நிலையில் கையுறையின் ஐந்து பிடிகளில் சாவிப் பிடி ஒன்றுதான் கைகூட வாய்ப்பு, மற்றவற்றில் திரை தவறு தவறு என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஏற்கனவே மனம் நொந்திருப்பவருக்கு அது தேவையா என்று யோசியுங்கள்.

உண்மையான அசைவு இருக்கிறதென்றால் அந்த விரலுக்குக் கட்டளை கொஞ்சமாவது போகிறது என்று அர்த்தம், பாட்டுப் பயிற்சிக்கு அவர் சரியான ஆள்.

எங்கள் வீட்டில் கையுறை இல்லை, பக்கத்து வீட்டுப் பையன் சர்ச் பாடகர் குழுவில் பழகிவிட்டு ஓரமாக வைத்திருந்த பழைய கீபோர்டுதான். அதற்கு முன்பு அப்பா தெரபிஸ்ட் கொடுத்த களிமண் மாதிரியான பொருளைப் பிசைவார், கொஞ்ச நேரத்தில் தள்ளிவைத்துவிடுவார். பிசைந்தால் என்ன ஆனது என்று அது சொல்லாது. கீபோர்டு சொல்லும். மோதிர விரலை அழுத்தச் சொன்னால் நடுவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து இறங்கி மூன்று சுரம் ஒன்றாகக் கத்தும், அப்பா உடனே கையைத் தூக்கிவிட்டு மறுபடி வைப்பார். 'மக்களே, இந்த விரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு' என்பார், ஆனால் நிறுத்தமாட்டார், ஏனென்றால் பல்லவியின் அடுத்த அடி பாக்கி இருக்கிறது. விரல் மாறிப் பழக எண்ணிக்கை வேண்டும், நூற்றுக்கணக்கில் வேண்டும், செய்தது சரியா தப்பா என்ற பதில் உடனே வேண்டும். பாட்டு இரண்டையும் சேர்த்துத் தருகிறது. தாளம் இருந்தால் அடுத்த அடி எப்போது வரும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிகிறது, அசைவு அதற்குத் தயாராகிறது. மைக்கேல் தாட் என்ற இசைச் சிகிச்சை ஆய்வாளர் 1990களிலிருந்தே இதை நடைப் பயிற்சியில் நிறையக் காட்டியிருக்கிறார்.

கீபோர்டில் செய்யப் போகிறீர்களென்றால் சில விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். டச் ரெஸ்பான்ஸ் என்று ஒரு செட்டிங் சில கீபோர்டுகளில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மெதுவாக அழுத்தினால் சத்தமும் மெலிதாகத்தான் வரும். அணைத்துவிட்டால் பலமில்லாத சுண்டுவிரல் தொட்டாலும் சுரம் முழுச் சத்தத்தில் கேட்கும், அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முன்கைக்கு அடியில் துவர்த்தை (துண்டை) சுருட்டி வையுங்கள், இல்லையென்றால் தோள் சீக்கிரம் நோகும். தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை எவ்வளவு மெதுவாக வைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வைத்து, பத்தில் எட்டு சரியாக வந்த பிறகு கொஞ்சம் கூட்டுங்கள். பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அப்பா எங்கள் ஊர் முத்தாரம்மன் கொடையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்கிறவர், குழுவில் அடிக்கும் கட்டை இருக்கிறதே, அதில் ஒரு ஜோடி எங்கள் வீட்டில் இருந்தது. துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தோம், ஒரு கையில் இரண்டையும் பிடித்துத் தட்டுவது கீபோர்டைவிடக் கஷ்டமான பிடி, ஆனால் அதைத்தான் அவர் ஆசையாகச் செய்தார். ஜால்ரா கொடுப்பதாக இருந்தால் கயிற்றை விரலில் சுற்றிக் கட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத விரல் இறுகினாலும் அவருக்குத் தெரியாது.

இதில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது, எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். கீபோர்டில் கை தேறினால் சாரம் கட்டவும் தானாக வந்துவிடாது. வாசித்து முடித்த கையோடு, விரல் சூடாக இருக்கும்போதே, எது வேண்டுமோ அதைச் செய்ய வைக்க வேண்டும். நாங்கள் பெரிய பித்தான் வைத்த பழைய சட்டையை மடியில் விரித்து வைப்போம், அப்புறம் சாரத்தின் முனையைச் செருகுவது, அப்புறம் மரச்சீனிக் கிழங்கை விண்டு மீன் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவது. கிழங்கு பிடிக்க எளிது, சோறு பிசைவது கடைசியில்தான் வந்தது. முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிகளில் பாக்ஸ் அண்ட் பிளாக் என்று ஒரு சோதனை செய்வார்கள்: ஒரு இஞ்ச் மரக்கட்டைகளை நடுவில் தடுப்புள்ள பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு நிமிஷத்தில் எத்தனை மாற்றுகிறார் என்று எண்ணுவது. ஊர் ஆசாரியிடம் சொன்னால் கட்டை வெட்டித் தந்துவிடுவார். மாதம் ஒருமுறை எண்ணி எழுதிவையுங்கள், நம் கண் ஆசையில் ஏமாறும், எண்ணிக்கை ஏமாறாது.

அண்ணனுக்கு விரல் அசைவு மிகக் குறைவு, உணர்ச்சியும் மங்கல் என்றால் அதற்கும் ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மொபைல் மியூசிக் டச் என்ற கையுறை செய்தார்கள், எந்த விரலால் பியானோவின் எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று அந்தந்த விரலில் அதிர்வு கொடுக்கும். அடிபட்டு ஒரு வருஷத்துக்கு மேலான தண்டுவடக்காரர்களிடம் 8 வாரம் செய்து, முடிவை 2012இல் வெளியிட்டார்கள். வாரம் 3 முறை அரை மணி நேரம் பியானோப் பாடம், அதுபோக வீட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டே தினம் 2 மணி நேரம், வாரம் 5 நாள் வெறும் அதிர்வு. கையுறை போட்டவர்களில் சிலருக்கு உணர்ச்சியும் அசைவும் கூடியது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து யாராவது ஏதோ அதிர்வுக் கையுறையை விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள். ஆனால் ஒரு வருஷம் தாண்டினால் இனி ஒன்றும் இல்லை என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அது அவ்வளவு உறுதியான பேச்சு அல்ல என்பதற்கு இது போதும்.

பாதுகாப்பு விஷயத்தைத் தயவுசெய்து ஊன்றிப் படியுங்கள். எந்தக் கையுறையோ பட்டையோ போட்டாலும் கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறையவில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு உரசினால் புண்ணாகச் சீக்கிரம் ஆகும். டி6க்கு (தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியில் ஆறாவது மட்டம்) மேல் அடிபட்டவர் என்பதால், திடீரென்று மண்டை இடி, முகம் சிவந்து வியர்த்தல், பிரஷர் எகிறல் வந்தால் அது ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியாவாக (பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறும் நிலை) இருக்கலாம். உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, மூத்திரக் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருக்கக் கூடாது.

மச்சான் அனுப்பத் தயாராக இருக்கும் பணத்தை வைத்து, முதலில் அண்ணனை ஒருமுறை நல்ல மறுவாழ்வு மையத்தில் காட்டுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954 கார் விபத்தில் தாமே தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். வேலை செய்யும் ஒரு தசையின் நாரை எடுத்து வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டும் அந்த வகை ஆபரேஷன் இப்போது தண்டுவடம் அடிபட்ட கைகளுக்கும் செய்கிறார்கள். அடிபட்டு வருஷக்கணக்கில் ஆனாலும் செய்யலாம், எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. நமக்குப் பக்கத்தில் என்றால் தென்காசி ஆய்க்குடி அமர் சேவா சங்கம், கழுத்து அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அங்கே உங்கள் அண்ணனைப்போல் இருப்பவர்களை நேரில் பார்ப்பதே ஒரு தெம்பு. அவ்வளவு தூரம் போக முடியாத நாட்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வந்தால் கீபோர்டை அவரிடம் காட்டி, எந்த விரலுக்கு எவ்வளவு என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் சி5, சி6 என்று ஏதாவதும், பக்கத்தில் அடி எவ்வளவு தீவிரம் என்று காட்டும் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் இருக்கும். அதையும், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தபோது எந்த விரல் வந்தது என்பதையும் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரபிஸ்ட்கள் யாராவது பார்த்தால் அவர்களும் சொல்லட்டும்.