கண் சொட்டு மருந்தும் கருவிழியும்

கேள்வி: கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்காக என் தாயார் நான்கு ஆண்டுகளாக இரண்டு வகைச் சொட்டு மருந்து போட்டு வருகிறார். சில மாதங்களாகக் கண்ணில் எரிச்சலும், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் இருக்கின்றன. இரண்டு குப்பிகளிலும் 'பென்சல்கோனியம் குளோரைடு' என்று அச்சிட்டிருக்கிறது. அது கருவிழியைக் கெடுக்கும் என்கிறார்களே, மருந்தை நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: நிறுத்தக் கூடாது. கிளாக்கோமாவால் போன பார்வை திரும்பி வராது. எரிச்சலுக்கோ வழி இருக்கிறது.

திறந்த குப்பியில் கிருமி வளராமல் தடுப்பதற்காகப் பெரும்பாலும் 0.004 முதல் 0.02 விழுக்காடு வரை சேர்க்கப்படும் இந்தப் பொருள் சோப்பின் இயல்புடையது. கிருமியின் உறையைச் சிதைக்கும் அதே தன்மையால், கண்ணீர்ப் படலத்தின் எண்ணெய்ப் பூச்சைக் கலைத்து, கருவிழி மேலடுக்குச் செல்களின் இறுக்கமான பிணைப்பையும் தளர்த்துகிறது. ஒரு வாரம் போடும் மருந்தில் இது பெரும்பாலும் பொருட்டில்லை. இரண்டு குப்பிகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் விழும்போதுதான் பாதிப்பு சேர்கிறது. மேலடுக்குச் செல்கள் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்பவை என்பதால், அளவைக் குறைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். கருவிழியின் உட்புற அடுக்குச் செல்கள் அப்படிப் பெருகி ஈடுசெய்வதில்லை; அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் மருந்தில் இப்பொருள் இருக்கலாகாது என்பது இதனால்தான்.

அதற்காக இதை நஞ்சு என்று ஒதுக்குவதும் சரியன்று. 2023இல் அமெரிக்காவில், கிருமியைத் தடுக்கும் இத்தகைய பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காமல் பல நாள் பயன்படுத்தும் குப்பியில் விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்தின் வழியே சூடோமோனாஸ் கிருமி பரவி, சிலர் பார்வையையே இழந்தனர். ஆகவே பாதுகாப்புப் பொருள் இல்லாத மருந்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பியிலோ, கிருமி புகாத தனி அமைப்புள்ள குப்பியிலோதான் வரவேண்டும். விலை கூடுதல்தான், அதற்காக, திறந்த சிறு குப்பியை மூடி மறுநாளைக்கு வைக்கும் நம் சிக்கனம் இங்கே ஆபத்து.

இரண்டு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு தாயாரை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். கருவிழியில் சாயமிட்டுப் பார்த்தால் மேலடுக்கின் சேதம் தெரிந்துவிடும். இரு மருந்துகளும் சேர்ந்த ஒரே குப்பி, பாதுகாப்புப் பொருள் இல்லாத வகை, லேசர் சிகிச்சை ஆகியவற்றில் எது அவருக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். அதுவரை, சிவப்பும் எரிச்சலும் குறைய மெடிக்கலில் தாமாகச் சொட்டு மருந்து வாங்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் இன்னும் ஏறக்கூடும்.